பீரங்கிக்குப் பிறந்த கலங்கள்

திருகோணமலையிற் பிறந்து வளர்ந்தவனுக்குக் கப்பல் ஒரு புதுமையன்று. கோணேசர் மலையடியில் நின்று, குடாவினுள் வந்து போகும் கலங்களைக் கொண்டே நாங்கள் எண்ணப் படித்தோம். ஆயினும் என் சிந்தையை மிக நீண்ட காலம் ஆட்கொண்டிருந்தவை நான் கண்ணாற் கண்ட கப்பல்களல்ல. என் தந்தையார் கண்ட கப்பல் ஒன்றும், அவர் காணாத கப்பல் ஒன்றுமாகிய இரண்டுமே.

தந்தையார் இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் அத்துறைமுகத்தில் இலிகிதராகப் பணியாற்றியவர். போரைப்பற்றித் தாமாகப் பேசமாட்டார். மாலை வேளைகளில் திண்ணையிலமர்ந்து வெற்றிலை மெல்லும்போது நான் வற்புறுத்திக் கேட்டால், இரண்டு காட்சிகளை மட்டுஞ் சொல்வார்.

முதலாவது காட்சி 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் திகதி காலை. நான்கு நாட்களுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்ட செய்தி வந்து ஊரே அஞ்சிக் கிடந்த வேளை. கிழக்கு வானிலே ஜப்பானிய விமானங்கள் கூட்டங் கூட்டமாகத் தோன்றின. துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் குண்டுகளால் அதிர்ந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மீது விமானமொன்று வீழ்ந்து மோதிற்று. அத்தாங்கி நாட்கணக்காக எரிந்தது.

“விமானங்களை எண்ணினோம், தம்பி. அதுகள் வந்த கப்பலை ஒருத்தரும் காணேல்லை. கடல் வெறுங்கடலாய்க் கிடந்தது. வெறுங்கடலுக்கு எப்பிடித் திருப்பி அடிக்கிறது?” என்பார்.

இரண்டாவது காட்சி 1944ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவு. அமெரிக்கக் கப்பலொன்று பிரித்தானியக் கீழைக் கடற்படையுடன் சேர்ந்துகொள்ளத் திருகோணமலைக்கு வந்தது. அதன் பெயர் சரட்டோகா. “முதுகு தட்டை. ஒரு பக்கத்திலை மதில் போலை ஒரு புகைபோக்கி. அவ்வளவு பெரிசை நான் அதுக்கு முன்னும் காணேல்லை, பின்னும் காணேல்லை” என்று கையை விரித்துக் காட்டுவார்.

காணாத கப்பலின் பெயர் அக்காகி என்பதையோ, அதுவும் தாம் கண்ட சரட்டோகாவும் ஒரே உடன்படிக்கையின் ஒரே வாசகத்தாற் பிழைத்து எழுந்தவை என்பதையோ அவர் அறிந்திருக்கவில்லை. அதனை எனக்கு அறியத் தந்தது ஒரு மாணவனின் கேள்வி.

ஒரு மாணவனின் கேள்வி

அக்காலத்தில் நான் மேல் வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். முதலாம் உலகப் போருக்குப் பின் வல்லரசுகள் வாஷிங்டனிற் கூடி, 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி கடற்படைக் குறைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன என்னும் பகுதிக்கு வந்தேன். பாடநூலில் அது இரண்டே வரி. நானும் அதனை இரண்டே வரியில் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குச் செல்ல முற்பட்டபோது, பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், கட்டிக்கொண்டிருந்த கப்பல்களை நிறுத்தச் சொன்னவை என்றால், அந்தப் பாதிக் கப்பல்கள் எங்கே போனது?”

உடைத்திருப்பார்கள் என்று சொல்லி அவனை அமரச் செய்தேன். அது முழுவிடையன்று என்பது அப்போதே என் உள்ளத்தை உறுத்திற்று. ஆசிரியன் ஒருவன் தனக்குத் தெரியாததைத் தெரிந்தவன்போற் சொல்லிவிட்டால், அது செருப்பினுட் புகுந்த பரற்கல்லைப்போல அவனை நடக்கவிடாது. அந்தக் கல்லை எடுத்தெறியப் பல ஆண்டுகள் படிக்கவேண்டியதாயிற்று.

இரண்டு மனம் கொண்ட கப்பல்

வாஷிங்டன் மாநாட்டுக்கு முன்பே, முற்றுப்பெறாத உடலுக்கு வேறொரு தொழிலைக் கொடுக்கும் வழக்கம் தோன்றிவிட்டது. அதனைத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்.

பியூரியஸ் என்னும் கப்பல் 1915ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கப்பட்டது. 18 அங்குல வாயுடைய இரண்டு பெரும் பீரங்கிகளை, முன்னொன்றும் பின்னொன்றுமாகச் சுமக்கவேண்டுமென்பதே அதன் பிறவி நோக்கம். கட்டி முடியுந் தறுவாயில், 1917இல், கடற்படையினரின் எண்ணம் மாறிற்று. முன்பீரங்கியை வைக்காது விட்டு, அவ்விடத்தில் விமானங்கள் ஓடி எழுவதற்கேற்ற சாய்ந்த தளமொன்றை அமைத்தனர். பின்பீரங்கியோ அப்படியே இருந்தது. ஒரு பாதி விமானத்தை நம்ப, மறு பாதி பீரங்கியை நம்ப, இரண்டு மனம் கொண்ட மனிதனைப்போல அக்கப்பல் கடலுக்குச் சென்றது.

விமானம் அதிலிருந்து எழலாம். மீண்டும் வந்து இறங்குவதற்கு வழியில்லை. பறந்தவன் தரையைத் தேடவேண்டும், அன்றேற் கடலில் வீழவேண்டும். 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, எட்வின் டனிங் என்னும் 25 வயது விமானி, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஸ்காபா புளோ என்னும் குடாவில் ஓடிக்கொண்டிருந்த பியூரியஸின் முன்தளத்திலே தம் சிறு விமானத்தை இறக்கினார். தோழர்கள் ஓடிவந்து, விமானத்திற் கட்டியிருந்த வார்களைக் கையாற் பற்றி அதனை நிறுத்தினர். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது உலக வரலாற்றில் அதுவே முதன்முறை. ஐந்து நாட்களின் பின் மீண்டும் முயன்றபோது, விமானம் பக்கவாட்டிற் சரிந்து கடலுள் வீழ்ந்தது. டனிங் உயிர் துறந்தார். பாதியாய் விட்ட கப்பலின் குறையை அவ்விளைஞர் தம் உயிரால் எடுத்துக் காட்டினார் எனலாம்.

பின்பீரங்கியையும் அகற்றி அங்கே இறங்குதளம் அமைத்தார்கள். ஆனால் கப்பலின் நடுவே கோபுரமும் புகைபோக்கியும் நின்றன. அவற்றைச் சுற்றிச் சுழன்ற காற்று இறங்கவந்த விமானங்களை அலைக்கழித்தது. ஆகவே 1921க்கும் 1925க்கும் இடையில் மேலுள்ளன யாவற்றையும் களைந்து, முழுத் தட்டையாக அதனை மாற்றினர்.

அதே காலத்தில் வேறிரண்டு உடல்கள் கப்பல்கட்டுந் துறைகளிற் கிடந்தன. ஒன்று கொந்தே ரொஸ்ஸோ. இத்தாலியப் பயணிகள் கப்பலாகக் கிளைட் நதிக்கரையில் 1914இல் தொடங்கப்பட்டுப் போரால் நின்றது. அதனை வாங்கி, முனையிலிருந்து முனைவரை தடையற்ற தளம் அமைத்து, 1918 செப்டெம்பரில் ஆர்கஸ் என்னும் பெயரோடு கடலுக்கு அனுப்பினர். மற்றது சிலி நாட்டுக்காக நியூகாசிலில் 1913இல் தொடங்கப்பட்ட அல்மிரான்தே கொக்கிரேன் என்னும் பெரும்போர்க்கப்பல். அதுவே ஈகிள் ஆயிற்று. கோபுரத்தையும் புகைபோக்கியையும் கப்பலின் வலப்புற ஓரத்துக்கு ஒதுக்கி, மீதித் தளத்தைத் திறந்துவிடும் அமைப்பை அதிலே கையாண்டனர். பிற்காலத்து விமானந்தாங்கிகள் அனேகமாக யாவும் அவ்வழியையே பின்பற்றின.

பொருந்தாத உடலோடு மல்லாடியதாலேதான் பொருத்தமான வடிவம் எதுவென்று அறியலாயிற்று. வெள்ளைத் தாளில் வரைந்திருந்தால் இவற்றைக் கண்டுபிடிக்க இன்னும் நெடுங்காலஞ் சென்றிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஓர் ஒப்பந்தமும் ஒரு விலக்கும்

இனி வாஷிங்டனுக்கு வருவோம். 1921 நவம்பர் 12ஆம் திகதி, மாநாட்டின் தொடக்க நாளன்றே, அமெரிக்க இராஜாங்க அமைச்சர் சார்ள்ஸ் இவான்ஸ் ஹியூஸ் எழுந்து, இன்னின்ன கப்பல்களை இன்னின்ன நாடுகள் கைவிடவேண்டுமெனப் பெயர் சுட்டிக் கூறினார். பொதுவான வாழ்த்துரையை எதிர்பார்த்திருந்த தூதுவர்கள் திகைத்தனர். கடற்படைத் தளபதிகள் பல நூற்றாண்டுகளில் மூழ்கடித்தவற்றினும் கூடுதலான கப்பல்களை அவர் ஓர் உரையில் மூழ்கடித்தார் என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொல்லப்பட்டது.

அம்முயற்சியை நான் ஏளனஞ் செய்யமாட்டேன். கோடிக்கணக்கான மக்கள் மடிந்த போரொன்று முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படியிருந்தும் வல்லரசுகள் முன்னையினும் பெரிய கப்பல்களைக் கட்டும் போட்டியில் இறங்கியிருந்தன. அந்தப் போட்டியை உடன்படிக்கை உண்மையாகவே நிறுத்திற்று. அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் தலைக்கு 5,25,000 தொன், ஜப்பானுக்கு 3,15,000 தொன், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் தலைக்கு 1,75,000 தொன் எனப் பெரும்போர்க்கப்பல்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது.

விமானந்தாங்கிகளுக்கும் எல்லையுண்டு. எந்த ஒரு தாங்கியும் 27,000 தொன்னை மிஞ்சலாகாது என்பது விதி. ஆனால் விதியின் அருகிலேயே ஒரு விலக்கு வைத்தார்கள். உடைக்கப்படவேண்டிய போர்க்கப்பல்களில் இரண்டை, ஒவ்வொன்றும் 33,000 தொன்வரை, விமானந்தாங்கிகளாக ஒரு நாடு மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவ்விலக்கு. கொட்டிய பணம் முற்றாக வீண்போகாது. கட்டிக்கொண்டிருந்த தொழிலாளருக்கும் வேலை கிடைக்கும். விமானந்தாங்கியோ பெரும்போர்க்கப்பலுக்கு ஏவல் செய்யும் துணைக்கலமாகவே அன்று பெரும்பாலோராற் கருதப்பட்டது. அரசனைக் கட்டிப்போட்டவர்கள் குதிரைக்காரனுக்கு விடுதலை கொடுத்தார்கள். குதிரைக்காரன் நாளை அரசனாவான் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

ஏராவைக் கண்டு கலத்தைச் சொல்

வல்வெட்டித்துறைப் பக்கத்து ஓடாவிமார், கலத்தின் அடிமரமாகிய ஏராவைக் கண்டாலே அக்கலம் எப்படி ஓடுமெனச் சொல்லிவிடுவார்களாம். இந்த இரும்புக் கப்பல்களுக்கும் அது பொருந்தும். எந்த உடல் நல்ல விமானந்தாங்கியாகும் என்பதை அடிப்பகுதியே தீர்மானித்தது.

பட்டம் விடும் பிள்ளையைப் பாருங்கள். காற்று வரும் திசையை நோக்கி ஓடுகிறான். ஓட ஓடப் பட்டம் எழும்புகிறது. விமானந்தாங்கி செய்வதும் அதுவே. காற்றை எதிர்த்து அது விரைந்தோடும்போது, கப்பலின் வேகமுங் காற்றின் வேகமுஞ் சேர்ந்து விமானத்தின் சிறகைத் தூக்குகின்றன. குறுகிய தளத்திலிருந்து விமானம் எழக்கூடியதாயிருப்பது இதனாலேதான். ஆகவே நீண்ட, விரைவான உடல் வேண்டும். கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய விரைவுப் போர்க்கப்பல் எனும் இனம், அதற்கென்றே பிறந்ததுபோல வாய்த்தது.

அமெரிக்கா ஆறு விரைவுப் போர்க்கப்பல்களைத் தொடங்கியிருந்தது. நான்கை உடைத்தது. எஞ்சிய லெக்சிங்டன், சரட்டோகா ஆகிய இரண்டையும் மாற்றிக் கட்டி 1927ஆம் ஆண்டின் இறுதியிற் சேவைக்கு எடுத்தது. ஒவ்வொன்றும் 888 அடி நீளம், 1,80,000 குதிரைவலு, மணிக்கு 33 கடல்மைல் வேகம். நீராவியாற் பெரும் மின்னாக்கிகளைச் சுழற்றி, அம்மின்சாரத்தால் உந்திகளை இயக்கும் முறை அவற்றில் அமைந்திருந்தது. வாசகர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்; இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

பிரான்சு தேர்ந்தது பேயார்ன் என்னும் கப்பலை. 1914இல் தொடங்கப்பட்டுப் போரால் நின்ற பெரும்போர்க்கப்பல் அது. 1927இல் விமானந்தாங்கியாய் வந்தது. ஆனால் பருத்த உடல். மணிக்கு 21 கடல்மைலளவே ஓடும். வேகமில்லாத பிள்ளையின் பட்டம் என்ன செய்யும்? அது பயிற்சிக்கும் விமானங்களை ஏற்றியிறக்கவுமே பெரிதும் பயன்பட்டு, 1967இல் உடைக்கப்பட்டது.

ஜப்பானின் கதையிலோ இயற்கையும் கைவைத்தது. அமாகி, அக்காகி என்னும் இரு விரைவுப் போர்க்கப்பல்களை மாற்ற அந்நாடு முடிவு செய்தது. அமாகி யொக்கோசுக்காவிலே மாற்றத்துக்கு உட்பட்டிருந்தபோது, 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி கன்ரோ பெருநிலநடுக்கம் நேர்ந்தது. தோக்கியோவையும் யொக்கோகாமாவையும் பாழாக்கிய அந்நடுக்கம், சாய்தளத்திலிருந்த அமாகியின் உடலையும் திருத்தவியலாதபடி நொறுக்கிற்று. அதற்கு ஈடாக, 1921இல் நீரிலிறக்கப்பட்டு உடைப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்த காகா என்னும் பெரும்போர்க்கப்பல் அழைக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பான தோசாவோ, குண்டுகளின் வலிமையைச் சோதிக்கும் இலக்காகி, 1925இல் மூழ்கடிக்கப்பட்டது. சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒன்று பிழைக்க, பிழைப்பதற்குக் குறிக்கப்பட்ட ஒன்று மாண்டது.

காரணம் போனபின் நின்ற பெயர்கள்

தமிழாசிரியர்கள் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று கற்பிப்பார்கள். இக்கப்பல்களின் பெயர்கள் அதற்கு விந்தையானதோர் எடுத்துக்காட்டு. ஜப்பானியர் விரைவுப் போர்க்கப்பல்களுக்கு மலைகளின் பெயரையும், பெரும்போர்க்கப்பல்களுக்குப் பண்டை மாகாணங்களின் பெயரையும் இட்டனர். விமானந்தாங்கிகளுக்கோ பறப்பனவற்றின் பெயர்: ஹிர்யூ என்றாற் பறக்கும் நாகம். அக்காகி ஒரு மலை. காகா ஒரு மாகாணம். உடல் மாறியும் பெயர் மாறவில்லை. காரணம் போனபின்னும் காரணப்பெயர் நின்று, பிறப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெயர் மட்டுமன்று, பழைய மனமும் நின்றது. லெக்சிங்டனிலும் சரட்டோகாவிலும் 8 அங்குலப் பீரங்கிகள் எட்டெட்டு இருந்தன. அக்காகியிலும் காகாவிலும் பத்துப் பத்துப் பீரங்கிகள். விமானத்தைச் சுமக்கும் கப்பல், எதிரிக் கப்பலை நெருங்கிச் சுட்டுப் போரிடும் என்று அப்போதும் எண்ணினார்கள். அவ்விரு ஜப்பானியக் கப்பல்களும் முதலில் மாடிவீடுபோல ஒன்றன்மேலொன்றாய் மூன்று ஓடுதளங்களோடு வந்தன. விமானங்கள் பாரமாகி நீண்ட ஓட்டம் வேண்டியபோது கீழ்த்தளங்கள் பயனற்றுப் போயின. 1930களில் இரண்டையும் மீண்டும் பிரித்து, ஒரே நீண்ட தளமாக அமைத்தனர். அக்காகியின் கோபுரம் அப்போது இடப்புறத்தில் வைக்கப்பட்டது. உலகிலே இடப்புறக் கோபுரமுடைய விமானந்தாங்கிகள் அதுவும் ஹிர்யூவுமே. அவ்விரண்டும் 1942 ஏப்ரிலில் எங்கள் கடலுக்கு வந்தன.

புகைகூடப் பெருந்தொல்லையாயிற்று. காகாவிலே புகையைப் பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகப் பின்புறம்வரை கொண்டுசென்றனர். அவற்றின் வெப்பம் அயலிலிருந்த மாலுமிகளின் உறைவிடங்களை வாட்டியது. பீரங்கிக்குப் பிறந்த கலத்தைப் பறவைக்கூடாக்கும்போது, அக்கூட்டினுள் வாழ்ந்தவர்களே அதன் வலியைத் தாங்கினார்கள்.

எண்ணத்தை மாற்றியது அனுபவம். 1929 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை நடத்திய போர்ப் பயிற்சியிலே, சரட்டோகா பெருங்கப்பல்களைப் பிரிந்து, ஒரேயொரு துணையுடன் தெற்கே விரைந்து, விடியுமுன் விமானங்களை ஏவிப் பனாமாக் கால்வாயைத் தாக்குவதுபோல நடித்துக் காட்டியது. கண்ணிற்படாத தூரத்திலிருந்து வந்து அடித்துவிட்டு மறைதல் என்னும் வித்தை அன்று ஒத்திகை பார்க்கப்பட்டது. குதிரைக்காரன் சேணத்தின்மேல் ஏறிவிட்டான்.

வெறுங்கடல்

உடன்படிக்கையைத் தொடரப் போவதில்லையென 1934 டிசெம்பரில் ஜப்பான் அறிவித்தது. 1936இன் முடிவில் அது காலாவதியாயிற்று. தடுத்த விதி போயிற்று. விலக்காற் பிறந்தவை இருந்தன.

1941 டிசெம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் அக்காகியும் காகாவும் இருந்தன. அடுத்த ஏப்ரிலில் காகா நீங்கலாக ஐந்து, தளபதி நகுமோவின் கீழ், அக்காகியைத் தலைமைக் கப்பலாகக் கொண்டு இந்து சமுத்திரத்துள் நுழைந்தன. கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் ஏப்ரில் 4ஆம் திகதி அவற்றைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானமும் வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. அன்று பிற்பகலில் கோன்வோல், டோசெட்ஷயர் என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் நம் தீவின் தென்மேற்கே விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர்.

ஏப்ரில் 9ஆம் திகதி திருகோணமலை. தந்தையார் வெறுங்கடலைப் பார்த்து நின்ற அதே காலை, தெற்கே மட்டக்களப்புக்கு அப்பால் இன்னொரு துயரம் நிகழ்ந்தது. முந்திய இரவு திருகோணமலையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியை ஜப்பானிய விமானங்கள் கண்டுகொண்டன. 1918இல் ஏராவிடும்போதே விமானந்தாங்கியாகக் கருதப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அதுவே. அன்று அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இல்லை. சில நிமிடங்களில் அது மூழ்கிற்று. 307 பேர் இறந்தனர். துணைவந்த வம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலும் உடன் மூழ்கியது. உயிர் தப்பியோரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் காப்பாற்றிக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. எதிரணியில் வந்த மற்றை நான்கும் பிறப்பிலேயே விமானந்தாங்கிகள். தலைமைக் கப்பல் மட்டும் பீரங்கிக்குப் பிறந்து உருமாறியது. பிறப்பு எதுவாயிருப்பினும், பறவை இல்லாத கூடு வெறும் இரும்பே என்பதை அந்தக் கிழக்குக் கடல் காட்டிற்று.

அந்த 1942ஆம் ஆண்டே உருமாறிய கலங்களுட் பலவற்றை வாரிக்கொண்டது. மே 8ஆம் திகதி பவளக்கடலில் லெக்சிங்டன். ஜூன் 4ஆம் திகதி மிட்வேயில் காகா. தீப்பற்றிய அக்காகி மறுநாட் காலை, கொழும்பைத் தாக்கிச் சரியாக இரண்டு மாதங்கள் நிறைந்த அன்று, தன் சொந்த நாசகாரிகளின் டோப்பிடோக்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. ஓகஸ்ட் 11ஆம் திகதி மத்தியதரைக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியால் ஈகிள். லெக்சிங்டனின் உடலை 2018இலும், காகா, அக்காகி ஆகியவற்றை 2019இலும் ஆய்வாளர்கள் கடலடியிற் கண்டனர். பின்னிரண்டும் 5,000 மீற்றருக்கும் அதிக ஆழத்திற் கிடக்கின்றன.

தந்தையார் கண்ட சரட்டோகா அவ்வாண்டைத் தாண்டி வாழ்ந்தது. எங்கள் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 1944 ஏப்ரில் 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தையும், மே 17ஆம் திகதி யாவாவின் சுரபாயாவையும் தாக்கியது. சபாங்கிலும் சுரபாயாவிலும் யாரோ ஒருவர், என் தந்தையாரைப் போலவே, வெறுங்கடலைப் பார்த்து நின்றிருப்பார். இதனை நினைக்கும்போதெல்லாம் நட்புக் கப்பல், பகைக் கப்பல் என்னும் பிரிவு என் மனத்திற் சிறிது மங்கிவிடுகிறது. 1946 ஜூலை 25ஆம் திகதி, பிகினித் தீவின் கடலேரியில், அமெரிக்கர் தாமே வெடித்த அணுகுண்டின் சோதனைக்கு இலக்காகிச் சரட்டோகா மூழ்கியது.

விடையும் ஒரு மாத வெளிச்சமும்

அந்த மாணவனின் கேள்விக்கு விடை இப்போது என்னிடமுண்டு. பாதிக் கப்பல்களிற் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. ஒன்று இலக்காகி மூழ்கிற்று. ஒன்றை நிலநடுக்கம் கொண்டுபோயிற்று. சில, வேறு உருவெடுத்து நம் ஊர்வரை வந்தன.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையா இது? அப்படிச் சொல்லி முடித்துவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. உடன்படிக்கை இல்லாதிருந்தால் ஆயுதப் போட்டி இன்னும் கொடிதாயிருந்திருக்கும். அதன் பிழை சமாதானத்தை விரும்பியதிலன்று. ஆயுதத்தின் பழைய உருவத்தை எண்ணிக் குறைத்துவிட்டால், ஆயுதத்தையே குறைத்துவிட்டதாக நம்பியதே பிழை. கப்பலின் உருவத்தை மாற்றினார்கள். அதை ஏவிய மனத்தை ஒருவரும் மாற்றவில்லை.

ஆனால் இரும்புக்கென்று ஒரு மனமில்லை என்பதற்கும் இதே கப்பல்களிற் சான்றுண்டு. 1929ஆம் ஆண்டின் இறுதியிலே, அமெரிக்காவின் மேற்கு மூலையிலுள்ள டக்கோமா என்னும் நகரத்தில் மழை பொய்த்து நீர்த்தேக்கம் வற்றியது. நீரால் இயங்கிய மின்னிலையங்கள் தளர்ந்தன. அப்போது லெக்சிங்டன் அந்நகரத் துறையிற் கட்டப்பட்டு, டிசெம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, ஏறத்தாழ ஒரு மாதம், தன் மின்னாக்கிகளிலிருந்து ஊருக்கு மின்சாரம் வழங்கிற்று. பீரங்கிக்கெனப் பிறந்து, குண்டு விமானத்துக்கென உருமாறிய அந்த உடல், மாரிகாலத்து இரவுகளிலே யாரோ ஒரு தாயின் அடுக்களையிலும் யாரோ ஒரு பிள்ளையின் பாடப்புத்தகத்தின்மேலும் வெளிச்சமாய் விழுந்தது.

ஓய்வு பெறும்வரை, வாஷிங்டன் உடன்படிக்கையை நான் மீண்டும் இரண்டு வரியில் முடித்ததில்லை. பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும், எங்கள் ஊரின் வெறுங்கடலையும் டக்கோமாவின் ஒரு மாத வெளிச்சத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே அடுத்த பாடத்துக்குப் போவேன். கேள்வி கேட்ட அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், அன்று அவனை அமரச் சொன்னதற்காக அவனுடைய ஆசிரியன் வருந்துகிறான் என்று அறிந்துகொள்வானாக.